குழந்தை பார்க்கக் கூடமாட வரும் சின்னப் பொண்ணுக்கு மாசம் எவ்வளவு கொடுத்தால் நியாயம்?

(சேலத்துல நடந்த கேள்வி-பதில். எழுதினவங்க பேருக்குப் பதிலா தேதியும் அவங்க இருக்கற இடமும் போட்டிருக்கு.)

மே 6, அழகாபுரம்

நாலு மாசக் கைக்குழந்தை. அம்மா ஊருக்குத் திரும்பிட்டாங்க. கன்னங்குறிச்சிப் பக்கம் பிளஸ் டூ பரீட்சை எழுதிட்டு வீட்ல இருக்கற பொண்ணு ஒண்ணு உதவிக்கு வரேங்குது. காலைல 9ல இருந்து 1 வரை, ஞாயிறு லீவு. நான் வீட்லயேதான் இருப்பேன், ஆனா 10ல இருந்து 12 வரை லேப்டாப்ல உட்காரணும். மாமியார் "சின்னப் பொண்ணுதானே, ரெண்டாயிரம் குடு, சாப்பாடு போடு, போதும்"ங்கறாங்க. எங்க அபார்ட்மென்ட்ல மேல்வேலைக்கு வர்ற அக்காவுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கே மாசம் 2,500. எனக்கு உறுத்துது. எவ்வளவு சரி?

மே 6, சூரமங்கலம்

மாசத் தொகையா யோசிக்காதீங்க. மணியா உடைச்சுப் பாருங்க. வாரம் ஆறு நாள், வருஷத்துக்கு 52 வாரம், ஆக 312 நாள். பன்னிரண்டால வகுத்தா மாசத்துக்கு 26 நாள். நாலு மணி நேரம் வீதம் 104 மணி. ரெண்டாயிரத்தை அதால வகுத்தா மணிக்கு 19 ரூபாய் வருது. தமிழ்நாட்டுல வீட்டு வேலைக்கு 2018லயே மணிக்கு 37 ரூபாய்னு குறைந்தபட்சக் கூலி வச்சாங்க. மாமியார் சொல்ற தொகை அதுல பாதிதான், அதுவும் அன்னைக்கு இருந்த விலைவாசிக்கு.

இப்ப மேல்வேலை அக்கா கணக்கு. தினம் ஒன்றரை மணி, முப்பது நாளும் வராங்கன்னா 45 மணி. 2,500ஐ வகுத்தா 55 ரூபாய் சொச்சம். உங்க கட்டடத்துல ஒரு மணி நேர உழைப்புக்கு இன்னைக்கு நடக்கற விலை அது. அங்கிருந்து ஆரம்பிங்க. 104ஐ 55ஆல பெருக்கினா 5,720. இது அடிச் சம்பளம் மட்டும், பொறுப்புக் கணக்கு தனி. அதைப் பிறகு எழுதறேன்.

வாரத்துக்கு இவ்வளவுன்னு பேசி நாலால பெருக்கி மாசம் கொடுக்கறவங்க உண்டு. வருஷத்துல நாலு வாரச் சம்பளம் அப்படியே காணாமப் போகும். அந்தக் கணக்கு வேண்டாம்.

மே 7, அம்மாபேட்டை

பாத்திரம் தேய்க்கறதும் குழந்தையை மடியில வச்சிருக்கறதும் ஒண்ணா? நாலு மாசக் குழந்தை பாதி நேரம் தூங்கும். தூங்கற நேரத்துக்கும் 55 ரூபாயா?

மே 7, சூரமங்கலம்

ஆமா, தூங்கற நேரத்துக்கும்தான். அவ வீட்டுக்குப் போக முடியாது, வேற வேலை பார்க்க முடியாது, காதைத் தொட்டில் பக்கமே வச்சிருக்கணும். நாலு மாசக் குழந்தை முக்கால் மணியில சிணுங்கும், அப்ப ஆட்டி விட்டா இன்னும் அரை மணி ஓடும், விட்டுட்டா முழிச்சுக்கும். அந்த சிணுங்கலைப் பிடிக்கறதுதான் அங்க வேலையே.

"சும்மாதானே இருக்கே, ரெண்டு பாத்திரம் போட்டுடு"ன்னு அந்த நேரத்தை நிரப்பறது நிறைய வீட்ல நடக்குது. பாத்திரம் விழற சத்தத்துலயும் குழாய்ச் சத்தத்துலயும் குழந்தை அழறது காதுல விழாது. பாத்திரம் வேணும்னா மேல்வேலைக்குத் தனியா ஆள் வையுங்க. இந்தப் பொண்ணோட கையில குழந்தைத் துணி, பால் பாத்திரம், தூளி, குழந்தை இருக்கற அறை, இவ்வளவுதான். இதைப் பேசும்போதே சொல்லிடுங்க. வேலை எதுன்னு பேசாம சம்பளத்தை மட்டும் பேசினா, ரெண்டே வாரத்துல வீடு கூட்டறதுல போய் நிக்கும்.

மே 7, சூரமங்கலம்

பொறுப்புக் கணக்கு.

அம்மா பக்கத்துலயே உட்கார்ந்திருக்கற நேரம், அடி விலை. அம்மா வீட்டுக்குள்ள இருந்தும் கைக்கு எட்டாத நேரம், அதாவது குளியல், தூக்கம், லேப்டாப், மணிக்கு 15 ரூபாய் கூட. அம்மா வெளியில போயிட்டா அது உதவி இல்லை, குழந்தையை முழுசா ஒப்படைக்கறது. அந்த வேலைக்கு ஆளும் வேற, விலையும் வேற, இந்தப் பொண்ணுகிட்ட அதைக் கேட்காதீங்க. புதுப் பேருந்து நிலையம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்னு ஒரு நாள் ஆரம்பிக்கும், அப்புறம் வழக்கமாகிடும்.

உங்களுக்கு 10ல இருந்து 12, தினம் ரெண்டு மணி, மாசம் 52 மணி. பதினஞ்சால பெருக்கினா 780. அடிச் சம்பளத்தோட சேர்த்தா சரியா 6,500.

மே 8, அழகாபுரம்

6,500 எங்களால முடியும். ஆனா மாமியார் கேக்கறது: அவளுக்கு அனுபவம் இல்லை, நாமதான் கத்துக் குடுக்கணும், அதுக்குக் குறைக்க வேண்டாமா?

மே 8, சூரமங்கலம்

கத்துக்கற காலம் எவ்வளவுன்னு பாருங்க. இந்த வேலையில அது ஒரு வாரம். அந்த வாரத்துக்கும் முழுச் சம்பளம், ஆனா பொறுப்பு நேரத்தை மட்டும் அந்த வாரம் கொடுக்காதீங்க, நீங்களே கூட இருங்க. அதுல மிச்சமாகறது 180 ரூபாய். அனுபவக் குறைவுக்கு நியாயமான கழிவு அவ்வளவுதான்.

அந்த வாரத்துல சொல்லிக் கொடுக்க வேண்டியது ஏராளம் இல்லை, ஆனா ஒவ்வொண்ணும் செய்ய வச்சுப் பார்க்கணும். தூளி முதல்ல. கொக்கியில சேலை மடியற இடம்தான் தேயும். வாரத்துக்கு ஒரு தரம் மடிப்பை ஒரு சாண் நகர்த்திக் கட்டணும். முடிச்சுப் போட்டதும் குழந்தையைப் போடறதுக்கு முன்னாடி ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தொங்கிப் பார்க்கணும். அடிப்பக்கம் தரையில இருந்து ஒரு முழத்துக்கு மேல வேண்டாம், கீழ ஜமுக்காளத்தை மடிச்சுப் போட்டுடுங்க. குழந்தை தானா புரள ஆரம்பிச்சதும் தூளியில விட்டுட்டு அறையை விட்டு நகரக்கூடாது.

பால் பாட்டில் இருந்தா எல்லாத்தையும் கழட்டி, பிரஷ் போட்டு, தண்ணி மூழ்க பத்து நிமிஷம் கொதிக்கணும். நிப்பிள் மேல மிதந்துக்கிட்டே இருந்தா அது கொதிக்கலை, சின்னத் தட்டை மேல வச்சு அமுக்கணும். பால் புகட்டற பாலாடைக்கும் இதேதான், மூக்குப் பக்கம் பால் காய்ஞ்சு ஒட்டியிருக்கும், விரலால தடவிப் பார்க்கணும். குழந்தைத் துணி தனி வாளி. டெட்டால் அதிகம் ஊத்தி அலசாம விட்டா தொடையில சிவந்து தடிக்கும், ரெண்டு தண்ணி அலசச் சொல்லுங்க.

குளிக்க ஊத்தறதை மட்டும் இந்தப் பொண்ணு தலையில கட்டாதீங்க. எண்ணெய் வழுக்கும், அதுக்குப் பழகின கை வேணும்.

மே 8, சூரமங்கலம்

கேட்க விட்டுப்போச்சு. பொண்ணுக்கு வயசு 18 முடிஞ்சுடுச்சா?

மே 9, அழகாபுரம்

வர்ற ஆகஸ்ட்ல 18. இப்ப 17.

மே 9, சூரமங்கலம்

அப்ப மேல இருக்கற கணக்கு மாறுது.

பதினாலு வயசுக்குக் கீழ இருக்கறவங்களை வீட்டு வேலைக்கு வைக்கறது 2006 அக்டோபர் 10ல இருந்தே தடை. 2016 திருத்தத்துக்கு அப்புறம் ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம் வரை ஜெயில், இருபதாயிரத்துல இருந்து ஐம்பதாயிரம் வரை அபராதம். உங்க பொண்ணு அந்த வயசு இல்லை. ஆனா 14ல இருந்து 18 வரை வளரிளம் பருவம். தொழிலகங்கள்ல அவங்களுக்குச் சட்டம் வச்சிருக்கற எல்லை: மூணு மணி நேரம் வேலை செஞ்சா ஒரு மணி நேரம் ஓய்வு, ராத்திரி 7ல இருந்து காலைல 8 வரை வேலை கூடாது, கூடுதல் நேரம் கூடாது, வாரம் ஒரு முழு நாள் விடுமுறை. உங்க வீட்டுக்கும் இதையே கோடா போட்டுக்குங்க.

ஆக 9ல இருந்து 12 வரை, மூணு மணி. 26 நாளுக்கு 78 மணி, 55 வீதம் 4,290. பொறுப்பு நேரம் அதே 780. சேர்த்தா 5,070, முழுசாக்கி 5,100 கொடுங்க. நாலாவது மணி நேரம் வேணும்னா ஆகஸ்டுக்கு அப்புறம்.

வயசுக்கு மதிப்பெண் பட்டியலோ டிசியோ பார்த்துட்டுக் கையோட திருப்பிக் கொடுங்க. அசலை வாங்கி பீரோவுல பூட்டி வைக்கற வழக்கம் ரொம்ப மோசம், காலேஜ் சேர்க்கை நேரத்துல அந்தப் பொண்ணு தவிச்சுப் போகும். அவங்க அம்மாவை ஒரு தரம் வீட்டுக்கு வரச் சொல்லி எல்லாத்தையும் அவங்க முன்னாடி பேசுங்க.

மே 9, அம்மாபேட்டை

எனக்குத் தெரிஞ்ச வீட்ல சொந்தக்காரப் பொண்ணையே வச்சிருக்காங்க. மாசாமாசம் காசு கிடையாது, "கல்யாணத்துக்கு ரெண்டு பவுன் போட்டுடறோம்"னு பேச்சு. பொண்ணு வீட்லயும் சரின்னுட்டாங்க. அதுல என்ன தப்பு?

மே 10, சூரமங்கலம்

கொங்குப் பக்கம் நூல் மில்லுங்கள்ல சுமங்கலித் திட்டம்னு நடந்தது இதே மாதிரிதான். மூணு வருஷம் இரு, முடிவுல மொத்தமா தரேன்னு சொல்லி, நடுவுல உடம்பு முடியாம வெளியேறின பொண்ணுங்க வெறுங்கையோட போனாங்க. வேலை முடிஞ்ச மாசமே அந்த மாசக் கூலி கைக்கு வந்துடணும். ரெண்டு பவுனோட விலை ஏறினா கொடுக்கறவங்க பின்வாங்குவாங்க, பொண்ணு பாதியில போனா எவ்வளவு பவுன் கணக்குன்னு யாராலும் சொல்ல முடியாது. சொந்தத்துல கேட்கவும் வாய் வராது.

"சித்தி வீட்லதானே இருக்கே, காசு எதுக்கு"ன்னு கேட்கற இடத்துல காசை அந்தப் பொண்ணோட வங்கிக் கணக்குல போட்டுடுங்க, பேச்சே எழாது. பவுன் போடணும்னு ஆசை இருந்தா சீரா அப்ப போடுங்க, யார் வேண்டாம்னா.

மே 10, ஏற்காடு, நாகலூர்ப் பக்கம்

இங்க மணிக்கணக்கு எடுபடாது. வீட்டோட தங்கற ஆள்தான் கிடைக்கும், சாயங்கால பஸ்ஸை விட்டா திரும்பிப் போக வழியில்லை. காப்பிப் பழம் எடுக்கற நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரை எந்தப் பொண்ணும் வீட்டு வேலைக்கு வராது. எஸ்டேட்ல கிலோக் கணக்குல வாங்கிடுவாங்க.

மே 11, சூரமங்கலம்

அப்ப உங்க விலையைத் தீர்மானிக்கறது எஸ்டேட்தான். அந்த வாரம் பழம் எடுக்கறவங்க ஒரு நாள்ல சராசரியா எவ்வளவு கொண்டு போறாங்கன்னு விசாரிங்க, அதுக்கு ஒரு ரூபாய் குறையாம நாள் கூலியா வையுங்க. சீசன் முடிஞ்சதும் இறக்காதீங்க. ஏத்தி இறக்கினா அடுத்த நவம்பர்ல உங்களுக்கு ஆள் இல்லை.

வீட்டோட தங்கற ஆளுக்கு மணிக்கணக்கு போடவே முடியாதுங்கறது சரியில்லை. சமவெளியை விட இன்னும் கறாரா போடணும். காலைல 8ல இருந்து 12, மதியம் 3ல இருந்து 6, மொத்தம் ஏழு மணி நேரம்னு எழுதுங்க. நடுவுல அவ நேரம். ராத்திரி குழந்தை அழுது அவளை எழுப்பினா ஒவ்வொரு எழுப்புக்கும் ஒரு மணி நேரக் கூலி, கால் மணியில தூங்கிட்டாலும் சரி. ரெண்டு தடவைக்கு மேல போன ராத்திரிக்கு மறுநாள் காலைல ரெண்டு மணி தாமதமா எழுந்திருக்க விடுங்க. தூக்கம் கெட்ட கையில குழந்தையைக் கொடுக்கறது யாருக்கும் நல்லதில்லை. பதினெட்டுக்குக் கீழ இருந்தா ராத்திரி வேலையே கிடையாது, தங்க வைக்கறதும் வேண்டாம்.

படுக்கற இடம் சமையல்கட்டு ஓரம் இல்லாம கதவு சாத்தற மாதிரி இருக்கணும். தங்கறதுக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்துல பிடிக்கக்கூடாது. தங்கறதால லாபம் உங்களுக்குத்தான்.

மே 11, ஏற்காடு, நாகலூர்ப் பக்கம்

ஒண்ணு சேர்த்துக்குங்க. மழைக் காலத்துல இங்க துணி காயாது. மூணு நாள் தொங்கினாலும் ஈரம் அப்படியே இருக்கும். குழந்தைத் துணி ஒவ்வொண்ணையும் இஸ்திரி போட்டுத்தான் காய வைக்கணும், தினம் முக்கால் மணி அதுக்கே போகுது. சேலத்துக் கணக்கை அப்படியே தூக்கிட்டு வந்தா அந்த முக்கால் மணி விட்டுப்போகும். ஈரத்துணியைக் குழந்தைக்குப் போடவும் முடியாது, இஸ்திரியை விடவும் முடியாது.

மே 11, சூரமங்கலம்

சரி. முக்கால் மணி வீதம் 26 நாளுக்கு பத்தொன்பதரை மணி. 55 வீதம் பார்த்தாலே ஆயிரத்தைத் தாண்டுது. துணியை ரெண்டு டஜன் கூட வாங்கிப் போட்டா அவசர இஸ்திரி குறையும்.

மே 20, அழகாபுரம்

பொண்ணு 12ஆம் தேதியில இருந்து வருது, நல்லாப் பார்த்துக்குது. ஒரு சந்தேகம். 17ஆம் தேதி வரலை, காய்ச்சல். சம்பளத்துல பிடிக்கலாமா?

மே 20, சூரமங்கலம்

பிடிக்காதீங்க. காய்ச்சலுக்குப் பிடிச்சா அடுத்த தடவை மாத்திரையைப் போட்டுட்டு வந்து குழந்தையைத் தூக்கும், மூணாவது நாள் உங்க குழந்தைக்குச் சளி. மாசத்துக்கு ஒரு நாள் உடம்பு சரியில்லாத நாள் சம்பளத்தோடன்னு முன்னாடியே சொல்லிடுங்க. தும்மல் இருந்தாலே போன் பண்ணிட்டு வீட்ல இருக்கச் சொல்லுங்க.

அதுக்கு மேல சொந்தக் காரணத்துக்கு லீவு போட்டா ஒரு நாள் கூலி பிடிக்கலாம். ஒரு நாள் கூலின்னா எவ்வளவுங்கறதுலதான் சண்டை வரும். உதாரணத்துக்கு 6,500 சம்பளத்தை 26ஆல வகுத்தா 250, முப்பதால வகுத்தா 217. லீவுக்குப் பிடிக்கும்போது 250, ஞாயித்துக்கிழமை கூப்பிட்டுக் கொடுக்கும்போது 217னு ரெண்டு கணக்கு வச்சிருக்கற வீடுகள் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே வகுத்தல், 26.

நீங்க ஊருக்குப் போற நாளுக்கு முழுச் சம்பளம். அவ வரத் தயார், நீங்கதான் இல்லை. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா, பொங்கல், தீபாவளி இதெல்லாம் கேட்காமலேயே லீவு.

மே 21, கொண்டலாம்பட்டி

எங்க வீட்ல 20 வயசுப் பொண்ணு, 1 மணிக்குக் கிளம்பணும். ஆனா வீட்டுக்காரர் சாப்பிட வர்ற வரைக்கும் இருன்னு சொல்லி 1.45 ஆகிடுது. வாரத்துல மூணு நாள் இப்படி. காசு பெருசா ஆகாதுன்னு விட்டுட்டோம்.

மே 21, சூரமங்கலம்

வாரம் ரெண்டே கால் மணி. மாசத்துக்கு பத்து மணிக்குக் கொஞ்சம் கம்மி. 55 வீதம் 536 ரூபாய். ஒரு பொண்ணுக்கு மாசச் சம்பளத்துல அது பெரிய தொகை. டவுன் பஸ்ஸை விட்டா அடுத்ததுக்கு நிக்கற நேரம் வேற. கால் மணிக்கு மேல போனா அரை மணியா, அரை மணிக்கு மேல போனா ஒரு மணியா எழுதிடுங்க. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்: தேதி, வந்த நேரம், போன நேரம், அவ கையெழுத்து. நோட்டு வாசல் பக்கமே தொங்கட்டும்.

பஸ் பத்தி யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ல 2021ல இருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அதைக் காட்டிப் பயணப்படி தர மறுக்காதீங்க. அவ வர்ற நேரத்துக்கு அந்த பஸ் இல்லைன்னா ஷேர் ஆட்டோவுலதான் வரணும், அது காசு. எதுல வருதுன்னு கேட்டு அதைத் தனியா கொடுங்க.

மே 30, அழகாபுரம்

நாளைக்கு முதல் சம்பளம். அவ அப்பா நம்பருக்கு ஜிபே பண்ணச் சொல்றார். பண்ணலாமா?

மே 30, சூரமங்கலம்

வேண்டாம். பத்து வயசு தாண்டினாலே தன் பேர்ல, தானே நடத்தற சேமிப்புக் கணக்கு வங்கியில தொடங்கலாம். அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுன்னா காலேஜ் போனதும் புதுமைப் பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் அவ கணக்குக்குத்தான் வரும், எப்படியும் கணக்கு தேவை. கணக்கு வர்ற வரைக்கும் அவ கையில பணமாக் கொடுத்து நோட்டுல கையெழுத்து வாங்குங்க. வீட்டுக்குக் கொடுக்கறதும் சேர்க்கறதும் அவ முடிவா இருக்கட்டும். அரசாங்கம் ஆயிரம் தருதேன்னு அதைச் சம்பளத்துல கழிக்கவும் கூடாது, அது படிப்புக்கு.

அப்பா முன்பணம் கேட்டாலும் ஜாக்கிரதை. செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறைக்கும் தறிக்கும் முன்பணம் வாங்கிப் பழகின குடும்பம்னா இங்கயும் கேட்பாங்க. முன்பணம் தீர்ற வரைக்கும் போகக்கூடாதுன்னு பிடிச்சு வைக்கறது 1976 சட்டப்படி கொத்தடிமை முறை. அவசரத்துக்குக் கொடுக்கணும்னா ஒரு மாசச் சம்பளத்துக்குள்ள கொடுங்க, மாசம் நாலுல ஒரு பங்குக்கு மேல பிடிக்காதீங்க, வேலையை விட்டா மிச்சத்தை விட்டுடறதா மனசுல முடிவு பண்ணிக்கிட்டுக் கொடுங்க.

ஜூன் 8, அம்மாபேட்டை

வருஷா வருஷம் எவ்வளவு ஏத்தணும்?

ஜூன் 8, சூரமங்கலம்

வருஷக் கணக்கு இதுக்கு ஒத்துவராது. வேலை மாறறது குழந்தையோட வளர்ச்சியில. ஆறு மாசத்துல கூழ் ஆரம்பிக்கும், ராகி ஊற வச்சு அரைச்சுத் துணியில வடிகட்டிக் காய்ச்சறதுக்கே முக்கால் மணி, ஊட்டறதுக்கு அரை மணி. எட்டு ஒன்பது மாசத்துல தவழும், அப்புறம் உட்காரவே முடியாது. பிளக் பாயின்ட், வாளித் தண்ணி, படிக்கட்டு எல்லாத்துக்கும் பின்னாடியே ஓடணும். நடக்க ஆரம்பிச்சா இன்னும் மோசம். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு மாசத்துல உட்கார்ந்து பேசுங்க. ஒவ்வொரு தடவையும் மணிக்கு அஞ்சு ரூபாய் ஏத்தினா 104 மணிக்கு 520. தவழற கட்டத்துல பொறுப்பு நேரத்தோட 15ஐ 20 ஆக்கறதும் நியாயம்.

ஜூன் 24, அழகாபுரம்

பொண்ணுக்கு காலேஜ்ல இடம் கிடைச்சாச்சு. 28ஆம் தேதி சனிக்கிழமையோட நின்னுக்குது. சாயங்காலம் வரச் சொல்லலாமான்னு பார்த்தேன், 7 மணிக் கோடு இடிக்குது, பஸ்ஸும் கூட்டம், விட்டுட்டேன். கணக்கு எப்படி முடிக்கறது?

ஜூன் 24, சூரமங்கலம்

ஜூன்ல அவ விடற வேலை நாள் ஒண்ணுதான், 30ஆம் தேதி திங்கள். 5,100ஐ 26ஆல வகுத்தா 196. வந்த நாளை எண்ணி 24ஐ 196ஆல பெருக்காதீங்க, இந்த ஜூன்ல அஞ்சு ஞாயிறு வருது, அப்படிப் போட்டா 4,704தான் வரும். மாசச் சம்பளத்துல விட்ட ஒரு நாளை மட்டும் கழிங்க, 4,904. தீபாவளிக்கு வருஷம் முழுக்க இருக்கற ஆளுக்கு ஒரு மாசச் சம்பளம்னா, மாசத்துக்கு பன்னிரண்டுல ஒரு பங்கு. ஒன்றரை மாசத்துக்கு 638. ஆக 5,542. ஷேர் ஆட்டோக் காசு நோட்டுல பாக்கி இருந்தா அதையும் கூட்டுங்க.

28ஆம் தேதி 12 மணிக்கு அவ கிளம்பறதுக்கு முன்னாடி கணக்குல ஏத்திடுங்க, "அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோ" வேண்டாம். நோட்டோட கடைசிப் பக்கத்துல மொத்தத்தை எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, பக்கத்தை போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்புங்க. புது ஆள் பார்க்கறதா இருந்தா சம்பளத்தோட நாலு நாள் அவளையே சொல்லிக் கொடுக்க வைக்கலாம், தூளி கட்டறது அவளுக்கு இப்ப நல்லாப் பழகியிருக்கும். அந்த நாலு நாள் 28க்குள்ளயே வர்ற மாதிரிப் பாருங்க.